வயிறு சொன்ன சாட்சி

"மூடியை நல்லா இறுக்கி மூடுங்கப்பா. போன வருஷம் ஒருத்தர் அரைகுறையா மூடிட்டாரு. எங்க லேப் அட்டெண்டர் மறுநாளே வேற வேலை தேடிப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே, பேராசிரியை ஹாஸ்டல் மாணவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

நுண்ணுயிரியல் துறைத் தலைவரான அவர், சாதாரணமாக ஹாஸ்டல் பக்கம் வருகிறவர் இல்லை. மெஸ் சாப்பாடு மனிதர்களுக்கானது அல்ல என்று மாணவர் செயலாளர் புகார் கொடுத்திருந்தான். வார்டனோ மெஸ்ஸை விட்டுக்கொடுக்காமல் ஆதரித்தார். அவர் சாப்பிடுவது வீட்டில். கடைசியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே நடுவர், மாணவர்களின் குடல்தான். அதில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்திருந்தால் மெஸ் மாஸ்டருக்குச் சீட்டுக் கிழியும். அவர் இடத்தில், ஹாஸ்டலுக்குப் பின்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்காவை உட்காரவைப்பது என்று செயலாளர் எப்போதோ முடிவு செய்துவிட்டான்.

"டேய், ஒரு சந்தேகம்." அவனுடைய அறைத்தோழன் ஒல்லி, காலி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மெஸ் சாப்பாடு குடலைக் கெடுக்குதுன்னு நிரூபிக்கணும்னா, அதை நாம சாப்பிட்டிருக்கணும்ல? நாம அந்தப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சேடா."

"அதுக்கு?"

"ஒரு வாரமாச்சும் அங்க சாப்பிட்டுட்டு டப்பாவைக் கொடுப்போம்."

"போராட்டம்னா தியாகம் வேணும்தான். அதுக்காக உயிரையா கொடுக்கிறது? மூணு வேளையும் மெஸ்லதான் சாப்பிடறோம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. போதும்."

அப்படியே சொன்னார்கள். சொன்ன கையோடு, பின்பக்க மதிலேறிக் குதித்து அக்கா கடைக்குப் போனார்கள். மதில் ஏறினால் சஸ்பெண்ட் என்று அந்த மதிலிலேயே எழுதியிருந்தது. எழுத்தின் மேல் கால் வைத்து ஏறுவதுதான் வசதி.

மெஸ்ஸில் மாஸ்டர் கரண்டியால் அறையும் பயறு, தட்டைக் கவிழ்த்தாலும் விழாது. அக்கா கடைப் பயறு அப்படியா? மேலே வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து, காகிதக் கிண்ணத்தில் வரும். கோஸ் பொரியலுக்கும் அதே மரியாதைதான். கடையும் அவ்வளவு சுத்தம். புகை கிடையாது, கரி கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. சமைக்கிற இடமா என்றே சந்தேகம் வரும்.

"அக்கா, நீங்க மட்டும் எங்க மெஸ்ஸுக்கு வந்துட்டா..." என்று ஒல்லி கண் கலங்கினான்.

"வெங்காயம் கண்ணுல பட்டுடுச்சா தம்பி?" என்றாள் அக்கா.

முடிவு வந்த அன்று, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மாஸ்டர் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்றார் பேராசிரியை.

ஒல்லி சந்தோஷத்தில் செயலாளரின் தொடையைக் கிள்ளினான்.

"எத்தனை வகை பாக்டீரியா! ஒவ்வொரு பையன் வயித்துக்குள்ளயும் ஒரு காடே இருக்குங்க. பவுடர், மாத்திரைன்னு காசைக் கொட்டறவங்களுக்குக்கூட இப்படி அமையாது. பயறு, கோஸ்னு நார்ச்சத்தா உள்ள போயிருக்கு. நாம நமக்காக மட்டும் சாப்பிடலப்பா, உள்ள குடியிருக்கிறதுங்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பிடறோம். இந்த மெஸ்ல அதுங்களுக்கு நல்லா பரிமாறியிருக்காங்க."

ஒல்லி, கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தான்.

"மாஸ்டர், ஒரே ஒரு யோசனை" என்றார் பேராசிரியை. "பயறை வேகவச்சு, ஆறவச்சு அப்புறமா கொடுத்தா, அதுங்களுக்கு இன்னும் விருந்து."

"அது பாட்டுக்கு நடந்துக்கிட்டுதான் இருக்குங்க மேடம்" என்றார் மாஸ்டர் கூச்சத்தோடு.

வார்டன் அந்த இடத்திலேயே மாஸ்டரின் ஒப்பந்தத்தை நீட்டித்தார். கைதட்டச் சொன்னார். செயலாளர் உண்மையைச் சொல்ல எழுந்து வாயைத் திறந்தான். மதில் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான், டப்பா மூடியைவிட இறுக்கமாக.

சாயங்காலம் அக்கா கடையில் துக்கம் விசாரிக்கிற கூட்டம் போல் நின்றார்கள்.

"எங்களை மன்னிச்சிடுங்கக்கா" என்றான் செயலாளர். "நீங்க ஊட்டி வளர்த்த பாக்டீரியாவை வச்சு அந்த ஆளு பேர் வாங்கிட்டாரு. எனக்குச் சோறு இறங்கல."

"மூணாவது கிண்ணம்டா அது" என்றான் ஒல்லி.

"நீ சும்மா இரு. அக்கா, நாளைக்குக் காலைல நான் போய் வார்டன்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கப்போறேன். மதில் ஏறினது, உங்ககிட்ட சாப்பிட்டது, எல்லாம். என்னை சஸ்பெண்ட் பண்ணாலும் சரி. இனிமே மெஸ்ல உங்க சமையல்தான்."

அக்காவின் கையிலிருந்த எலுமிச்சை நழுவி உருண்டது.

"ஐயையோ, அந்த வேலையெல்லாம் வச்சுக்காதப்பா! எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது!"

"என்னக்கா சொல்றீங்க?"

அக்கா பதில் சொல்வதற்குள், பின்கட்டில் ஏதோ பெரிய பாத்திரம் தொப்பென்று இறங்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, மூச்சு வாங்க, எல்லோருக்கும் பழக்கமான ஒரு குரல்.

"அடியே, இன்னைக்கும் ஒரு பய மெஸ் பக்கம் எட்டிப் பாக்கல. அண்டா அப்படியே இருக்கு. நீ வெங்காயத்தைத் தூவு!"