கத்தட்டும், விடுங்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறேன்.

"ஏம்மா, நல்ல சட்டையைப் போய் வெட்டுறியே, உனக்கே நல்லாருக்கா?"

மேசையில் கிடந்த வயதான பெரியம்மா ஒருத்தி போட்ட சத்தத்தில் பரீட்சை அறையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு உயிர் காக்கும் அறுவை செய்ய டாக்டர்களைப் பழக்கும் இடம் அது. கடைசி நாள் பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க வந்தவள் அவள். முகமெல்லாம் சிவப்புச் சாயம். தொடையில், ரத்தம் பீய்ச்சும் ரப்பர் காயம்.

"வெட்டினாத்தானே உள்ள எங்க அடின்னு தெரியும்? அசையாதீங்கம்மா," என்றாள் டாக்டர். முதலில் அந்த முகத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு கத்தரிக்கோல் நிற்கவில்லை.

போன தடவை இதே பரீட்சையில் தோற்றவள். ரத்தத்தையே பார்த்துக்கொண்டு, நோயாளியின் மூச்சைக் கவனிக்காமல் கோட்டை விட்டுவிட்டாள். மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். இன்று தேறினால் அங்கே அறுவை அறை திறக்கும். இல்லையென்றால் அடிபட்டவர்களை வழக்கம்போல் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். பலர் வழியிலேயே போய்விடுவார்கள்.

"காலைக் கட்டுறியா, விறகு கட்டுறியா? கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? காலைல சாப்பிட்டியா இல்லியா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாயை மூடச் சொல்லவா, டாக்டர்?"

"வேணாம், கத்தட்டும். கத்துறவங்களுக்கு மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த பேராசிரியர், யாருக்கும் தெரியாமல் பெரியம்மாவின் கட்டைவிரலைத் தொட்டார். மூச்சு அடைக்கிற மாதிரி நடி என்பதற்கு அடையாளம் அது. பெரியம்மா பாதிப் பேச்சில் நிறுத்தினாள்.

காயத்தை அழுத்திக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏன் சத்தம் நின்னுது? நர்ஸ், காலை நீங்க பிடிங்க."

நெஞ்சில் காதுக்குழாயை வைத்தாள். "இடது பக்கம் காத்து போகலைன்னு வச்சுக்கோ," என்றார் பேராசிரியர். அறுத்துக் காட்டுவதற்கென்று பக்கத்தில் வைத்திருந்த ரப்பர் நெஞ்சுப் பொம்மைக்குத் தாவினாள். விலா எலும்புகளுக்கு நடுவில் கீறி, விரல் விட்டுப் பார்த்து, குழாயைச் செருகினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது.

"தேறிட்டே," என்றார் பேராசிரியர். அவர் சிரித்ததை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. "காலைலேர்ந்து வந்த அத்தனை பேரும் காலையே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. சத்தம் நின்னது உனக்கு மட்டும் எப்படிம்மா உறைச்சுது?"

"வீட்டுப் பழக்கம் சார். இவங்க கத்துற வரைக்கும் ஒரு பயமும் இல்ல. பேச்சு நின்னாத்தான் எனக்குக் குலை நடுங்கும்."

"இவங்க உங்க வீட்டுக்கு வர்றவங்களா?"

பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, வெட்டுப்பட்ட சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். "நல்லாக் கேட்டீங்க போங்க. என் வீட்டுக்கு வாழ வந்தவளே இவதான்!"

உங்கள் வீட்டிலும் அதட்டுகிற குரல் ஒன்று ஓயாமல் கேட்கட்டும். எல்லோரும் மூச்சும் பேச்சுமாக நன்றாக இருங்கள்.