தட்டாத கைக்குக் கூலி

கைதட்டாமல் இருப்பதற்கு முதல்கை சொன்ன விலை, தட்டுவதற்கு வாங்கும் அதே கூலி, முன்வரிசையில் ஒரு நாற்காலி, கொசுறாக இடைவேளையில் டீ.

விழாச் செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். சும்மா இருக்கவும் கூலியா என்று கேட்டார்.

பழக்கமில்லாத வேலைக்குத் தள்ளுபடி கிடையாது என்றார் முதல்கை. முட்டி மோதியும் செயலாளரால் டீயை மட்டும்தான் குறைக்க முடிந்தது.

இசையைப் பற்றிய படங்களுக்காக நகரத்தில் வருஷம் தவறாமல் நடக்கும் விழா அது. படம் ஓடும்போதே திரைக்கு அருகில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். இதில் ஒரு சிக்கல், வாசிப்பு எங்கே முடிகிறது என்று கூட்டத்துக்குப் பிடிபடாது. தட்டலாமா கூடாதா என்று அடுத்தவன் கையைப் பார்த்தபடி ஆளாளுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் திண்டாட்டத்தில்தான் அவருக்குப் பிழைப்பு. ஒத்திகைக்கு வந்து முடிவைக் காதில் வாங்கிக்கொண்டு போவார். விழாவன்று சரியான நொடியில் அவர் கை விழும். அரங்கம் பின்னாலேயே வரும். முதல்கை என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அந்தக் கை ஒருநாளும் பிசகியதில்லை.

அந்த வருஷம் ஒரு பழைய மௌனப் படத்துக்கு வயலின் வாசிக்க வந்தவள் அவருடைய மனைவி.

அவள் போட்ட ஒரே நிபந்தனை, அந்த மனுஷன் ஒத்திகைப் பக்கமே தலைகாட்டக் கூடாது, விழாவில் கையை மடியிலிருந்து எடுக்கவும் கூடாது.

காரணம் இருந்தது. ஊருக்கெல்லாம் தட்டிய கை வீட்டில் தட்டியதே இல்லை. ஒருநாள் புதிதாகக் கட்டிய ஒரு மெட்டை வாசித்து முடித்துவிட்டு அவள் ஆசையோடு திரும்பிப் பார்த்தாள். கடைச் சரக்கை வீட்டுக்கு எடுத்து வருவதில்லை என்று அவர் தமாஷாகச் சொல்லிவைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. வயலினோடு துணிப்பெட்டியும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. விழா முடியட்டும், வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம் என்று அக்கா மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆகவே முதல்கை அன்று தன் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. வில் தந்தியைத் தொட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பாப்கார்ன் மெல்வதை நிறுத்தினார்.

பாதிப் படம் நல்லபடியாகப் போனது.

திடீரென்று வயலினிலிருந்து ஒரு கரகரப்பு. மனைவியின் விரல்கள் தந்தியை முறுக்கும் பிருடைக்குப் போவதை அவர் பார்த்தார். தந்தியின் குரல் வழுக்கிக்கொண்டே கீழே போய் அப்படியே அடங்கியது.

அவளுடைய இடது புருவம் மேலே ஏறியது.

அந்தப் புருவத்தை அவருக்குத் தெரியும். குக்கர் விசில் அடிக்காமல் ஓரமாகக் கசியும்போது ஏறுகிற புருவம்.

அரங்கத்தில் சத்தமே இல்லை. யாரோ ஒருத்தர் இருமப் போய் அடக்கிக்கொண்டார்.

பிருடை நழுவிவிட்டது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இந்த நிசப்தத்தில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தால் கடைசி வரிசை வரை கேட்கும், மானம் போகும். கொஞ்சம் இரைச்சல் கிடைத்தால் போதும்.

பேசிய கூலி நினைவுக்கு வந்தது. துணிப்பெட்டியும் நினைவுக்கு வந்தது.

அதற்குள் கை தட்டிவிட்டது.

இதற்காகவே காத்திருந்ததுபோல அரங்கம் முழுக்கத் தட்டியது. பின்வரிசையில் விசில்கூடப் பறந்தது. செயலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த ஆரவாரத்தில் அவள் தந்தியை முறுக்கினாள், சுருதி சேர்த்தாள், வாசிப்பைத் தொடர்ந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், பாராட்டை வாங்கிக்கொள்ளும் தோரணையில் நின்றார்.

மாதக்கணக்கில் மூடியிருந்த வாயை அவள் திறந்தாள். “படத்துல அந்த வயலின்காரி பணக்காரனுக்கு வாசிக்க மாட்டேன்னு தந்தியத் தளர்த்திட்டு சும்மா நிக்கிறா. நானும் தளர்த்திட்டு சும்மா நின்னேன். அந்த அமைதிக்காகத்தாங்க இவ்வளவு நாள் உழைச்சேன். திரைய நீங்க பாக்கவே இல்லையா?”

முதல்கை யோசித்துப் பார்த்தார். பணக்காரன் ஒருத்தன் படத்தில் வந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

“உன்னத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்து சேர்ந்தார். தட்டாமலிருக்கப் பேசிய கூலி தட்டியவருக்குக் கிடையாது, அடுத்த வருஷம் வாசல் பக்கமே வர வேண்டாம் என்று பொரிந்துவிட்டுப் போனார். டீக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டிய முதல்கை இதற்குச் சரியென்று தலையாட்டினார்.

என் வாசிப்புக்குச் சும்மா இருக்கவும் காசு கேட்டீர்களா என்று மனைவி முறைத்தாள். கேட்டது வாஸ்தவம், கைக்கு வந்து சேரவில்லை என்று அவர் பணிவாகத் தெரிவித்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயலினைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். தோள் குலுங்கியதை வைத்து, சிரிக்கிறாள் என்று அவர் கண்டுபிடித்தார்.

நாளைக் காலையில் அக்கா வீட்டுக்குப் போய்த் துணிப்பெட்டியைத் தூக்கி வரச் சொன்னாள். தெருவில் இறங்கியதும் கணக்கையும் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு வரவு ஒரே ஒரு தட்டு. அதுவும் தப்பான இடத்தில். மீதி எல்லாம் பாக்கி.