நிமலனின் இரகசியத் தளம்

ஜெகதீஸ்வரி அக்காவின் மகன் நிமலன் அமெரிக்காவில் இரகசிய இராணுவத் தளம் ஒன்றில் வேலை செய்வது எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எல்லோருக்கும் தெரியும். இரகசியம் என்று அக்காவேதான் மாடி மாடியாக ஏறிச் சொன்னார்.

“பறக்கும் தட்டெல்லாம் ஒளிச்சு வச்சிருக்கினமாமே, உண்மையோ அக்கா?”

“அதெல்லாம் கேக்கப்படாது. சுத்திவர உயர்ந்த மதில். கேற்றில கமரா. பெத்த தாயெண்டாலும் உள்ள விடமாட்டினம்.”

“போனும் எடுக்க ஏலாதோ?”

“நம்பரே தரப்படாதாம்.”

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை ஓட்டோவில் இரத்மலானைப் பக்கம் போனபோது நிமலனையே கண்டேன். மனைவி, கைக்குழந்தையோடு காரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். விடுவேனா? மூலைக்கடையில் விசாரித்தேன். மூன்று வருடமாக அங்கேதான் குடியிருக்கிறானாம்.

அன்று பின்னேரமே நாலு வடையைச் சுற்றிக்கொண்டு அக்காவின் கதவைத் தட்டினேன். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டாமா?

“உங்கட நிமலனை இரத்மலானையில கண்டனான் அக்கா.” அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை ஆறுதலாக அவிழ்க்கலாம் என்றிருந்தேன்.

அக்கா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பேத்தி ஆரைப்போல இருக்கிறாள்?” என்று மெதுவாகக் கேட்டார். “கேற்றடியில நிண்டால் கமராவில கண்டிடுவான். மதில் எனக்கு எட்டேல்ல.”