மில்லுக்காரியிடம் மட்டும்

ராணுவத்திலிருந்து திரும்பிய கணவன் வீட்டில் வாயே திறப்பதில்லை. ஆனால் மாவு மில்லில், மில்லுக்காரியிடம் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பார்த்த மனைவி, அவன் போனதும் உள்ளே நுழைந்தாள்.

“என்கிட்ட பேசாத மனுஷன் உன்கிட்ட மட்டும் எல்லாத்தையும் கொட்டுறாரே, என்னடி சொக்குப்பொடி போட்டே?”

மில்லுக்காரி சிரித்தபடி தலையாட்டினாள். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்லுக்காரி, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

“என்னக்கா கேட்டீங்க? இது ஓடினா எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதுல விழாது. அண்ணனுக்கும் தெரியும். அதனாலதான் ஓடுறப்போ மட்டும் பேசுவார். பாவமா இருக்கும், தலையாட்டுவேன்.”

வீட்டில் அவள் வெகுநேரம் அவனையே பார்த்திருந்தாள். பிறகு வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அவன் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. கேட்க முயலாமல், அவள் தலையாட்டினாள்.