ஷோக்கில் மழை

“உன் ஊரு மழையே தேவலை போலிருக்குடா!” சிக்னே கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். “நீயே கேளு. மூணு நாளா விட்டபாடில்லை.”

வெளியே தகரக் கொட்டகைமேல் தண்ணீர் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

“நார்வேயிலேயே காய்ஞ்ச ஊரு நம்ம ஷோக்குனுதானே சொல்றாங்க?” என்றான் அவள் தம்பி ஓட்வார். “பெர்கன் ஈரத்துல என் முட்டி ரெண்டும் வீங்கிக் கிடக்கு. காய்ஞ்ச ஊருக்குப் போனாத்தான் நடக்க முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“சொல்றவங்களா வந்து நனையறாங்க? இங்க வந்தா நீ படுத்த படுக்கைதான்.”

“அக்கா, அப்பா வீட்டுல எனக்கும் பாதி உண்டு.”

“அதானே பார்த்தேன்! முட்டி வலியாம், முட்டி வலி! அப்பா செத்து ஆறு வருஷமா எட்டிப் பார்க்காதவனுக்கு இப்பப் பங்கு கேக்குதோ? வந்து நின்னா கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“அவ்வளவு மழையா?”

“பிரளயம்டா!”

பட்டென்று பேச்சைத் துண்டித்துவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. வயலிலிருந்து இழுத்து வந்து கொட்டகைப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஸ்பிரிங்ளரின் குழாயை மூடினாள். சத்தம் அடங்கியது.

வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

பெட்டியும் கைத்தடியுமாக ஓட்வார் நின்றுகொண்டிருந்தான். முழங்கால்வரை புழுதி. கைப்பேசி இன்னும் கையில் இருந்தது.

“ஏன்க்கா நிறுத்திட்டே?” என்றான். “இந்தப் பக்கமும் கொஞ்சம் பெய்யும்னு காத்துக்கிட்டிருந்தேன்.”