எட்டு புள்ளி ஆறு

"எட்டு புள்ளி ஆறா! பொம்பளைக்கு யூரிக் ஆசிட் ஆறைத் தாண்டக் கூடாதுடி. வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ரத்தத்துல அது ஏறாம பன்னீரா ஏறும்?"

டிரைவிங் ஸ்கூல்காரர் சோபாவில் சாய்ந்தபடி முழங்கினார். அடுத்தவர் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் சொல்வது அவர் தொழில். வீட்டுக்கு வந்தாலும் அந்த சீட்டை விட்டு இறங்க மாட்டார்.

மனைவி போனும் கையுமாக நின்றாள். லேப்பிலிருந்து இரண்டு பேர் ரிப்போர்ட்டும் அவள் போனுக்குத்தான் வந்திருந்தது. அவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணாடி போட்டால் மரியாதை போய்விடுமாம். அதனால் எண்களை அவள்தான் படித்துச் சொன்னாள்.

"என்னுது பார், நாலு புள்ளி எட்டு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!"

"ஏங்க, அதுல..."

"நீ ஒண்ணும் பேசாதே."

உடனே அவள் தம்பிக்குப் போடச் சொல்லிப் போனை வாங்கினார்.

"மச்சான், உங்க அக்கா ரிப்போர்ட்டைக் கேட்டீங்களா? உங்க வீட்டுல வளர்த்த லட்சணம் அப்படி!"

பேசி முடித்து, எழுந்து நொண்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார்.

"கால் கட்டைவிரல் இன்னும் வீங்கித்தானே இருக்கு?" என்றாள்.

"அது என் ஸ்டூடண்ட்ஸ் புண்ணியம். பயந்தாங்கொள்ளிங்க. நாள் முழுக்க நான்தானே பிரேக் மிதிக்கிறேன். உன்னை மாதிரி தின்னு வந்த வலியில்லே இது."



அவள் மறுநாளே தனியாகப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து, பத்தியச் சீட்டு ஒன்று வாங்கி வந்தாள். அதை அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார் மனிதர். போன வருஷம் அவருக்கே சர்க்கரை எல்லையில் இருப்பதாக ஒரு டாக்டர் சொன்னபோது, சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு நேரே ஐஸ்கிரீம் கடைக்குப் போனவர்தான்.

"இனிமே ஈரல், கூல்டிரிங்க் எதுவும் இந்த வீட்டுக்குள்ளே வராது. கட்டுப்பாடுன்னா என்னன்னு நான் காட்டறேன். சனிக்கிழமை பீரைக்கூட விட்டுட்டேன், போதுமா? என்னைப் பார்த்தாவது கத்துக்கோ!"

அன்றிலிருந்து தினமும் பாடம். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அவள் ஒன்று குடித்தால், எப்படிக் குடிக்க வேண்டும் என்று காட்ட அவர் இரண்டு குடிப்பார். காரில் ஏறுகிற ஸ்டூடண்டுகளிடமெல்லாம் கியர் போடுவதற்கு முன்னால் மனைவியின் நாக்கு ருசியைப் பற்றிச் சொன்னார். கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது மாதம் அவர் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. கட்டைவிரல் வலி போன இடம் தெரியவில்லை.

"இப்போ நல்ல ஸ்டூடண்ட்ஸ் வந்திருக்காங்க" என்றார்.

இருவரும் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் காட்ட டாக்டரம்மாவிடம் அவள் கிளம்பியபோது அவரும் கூடவே கிளம்பினார். பாராட்டை நேரில் வாங்க வேண்டுமே!

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லையே, எட்டு புள்ளி ஆறுலேர்ந்து ஏழு புள்ளி ஒண்ணுக்கு வந்துடுச்சு."

அவருக்கு முகம் சிவந்தது.

"ஏழு புள்ளி ஒண்ணா? ஆறுக்குள்ளே இருக்கணுமே! எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா தின்னிருக்கா டாக்டர். நான் பீரைக்கூட விட்டேன். இவளுக்கு நாக்கை அடக்க முடியலே!"

"சார், ஆறு பொம்பளைங்களுக்கு. ஆம்பளைங்களுக்கு ஏழு வரைக்கும் இருக்கலாம். நீங்க கிட்டத்தட்ட வந்துட்டீங்க."

"நானா?"

"பேப்பர் மேலே உங்க பேர்தானே இருக்கு? கட்டைவிரல் வீங்கினதும் இதனாலதான். இவங்களுக்கு அன்னிக்கும் நாலு புள்ளி எட்டுதான், இன்னிக்கும் அதேதான்."

அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன்டி... அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லே?"

"நான் பேரைப் படிக்கிறதுக்குள்ளே நல்லது உங்களுதுன்னு எடுத்துக்கிட்டீங்க" என்றாள் அவள். "அப்புறம் யோசிச்சேன். உங்களுக்குன்னு சொன்னா சீட்டைக் கிழிச்சுடுவீங்க. என்னை மட்டம் தட்டறதுக்குன்னா ஒரு நாள்கூட விடாம பத்தியம் இருப்பீங்க."