பத்து அவுன்ஸ் கோப்பை

ஜன்னலோரம் அக்கா, எதிரே கால்குலேட்டரோடு அத்தான், கதவருகே முக்காலியில் உறையும் பசையுமாக நான். ஓட்டலில் பானம் கலக்கும் வேலைக்கு அக்கா தன் செய்முறையை மில்லியில் எழுதி, நாலு மணித் தபாலில் அனுப்ப வேண்டும். அவளுக்குப் பழகியதோ அவுன்ஸ். அத்தான் எல்லாவற்றையும் முப்பதால் பெருக்கியிருக்கிறார். அவுன்ஸுக்கு இருபத்தெட்டுச் சொச்சம்தான் என்று அளவுக்குவளையில் இப்போதுதான் பார்க்கிறாள். “போச்சு, ருசி மாறிடும்! கணக்கு வாத்தியார் மகன்னு சொல்லித்தானே கட்டிவச்சாங்க?” “எல்லாத்தையும் ஒரே மாதிரிதானே பெருக்கியிருக்கேன்? கலக்கிப் பாரேன்” என்கிறார் அத்தான். கடிதத்தில் உள்ளபடியே இஞ்சிச்சாறு, எலுமிச்சை, பாகு, தண்ணீர் என ஊற்றுகிறாள். எப்போதும் சரியாக நிரம்பும் பத்து அவுன்ஸ் கோப்பை விளிம்பைத் தாண்டி மேசையில் வழிகிறது. அவள் குனிந்து உறிஞ்சுகிறாள். “அதே ருசிதான். கோப்பைதான் பத்தலை.” கடிதத்தின் அடியில், ‘கொஞ்சம் பெரிய கோப்பையாக எடுக்கவும்’ என்று எழுதுகிறாள். நான் உறையை ஒட்டுகிறேன். அத்தான் செருப்பைக்கூட மாட்டாமல் தபால்பெட்டிக்கு ஓடுகிறார்.